சீட்டில் விழுந்த அணி

அக்காவுக்கு மைக்கைக் கண்டால் போதும், ஆளே மாறிவிடுவாள். சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டு, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு நிற்கிற அதே பெண் மேடையில் ஏறினால் ஒரு சாண் உயரமாகத் தெரிவாள். அவள் எனக்கு உடன்பிறந்தவள் அல்ல. டெல்லியில் நான் குடியிருந்த வீட்டுக்காரி. அந்த வீடும் அவளுடையது அல்ல, சர்க்காருடையது. அவள் கணவருக்கு ஓர் அமைச்சகத்தில் உதவியாளர் வேலை. அத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் ஓர் அறையை எனக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். சட்டப்படி அது கூடாது. ஆனால் அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் தங்கியிருந்தோம். குவார்ட்டர்ஸ் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் நான் அக்காவின் தங்கை.

அவர்கள் மதுரைப் பக்கம். நான் திருநெல்வேலி. டைப்பிஸ்ட் பரீட்சை எழுதித் தேறி ரயிலேறியவள். முதல் குளிர்காலத்தில் வாளித் தண்ணீரில் கை வைத்துவிட்டு நான் அழுததை அக்கா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் ஒரு பாத்திரம் வெந்நீர் எனக்காகத் தனியாக அடுப்பில் இருக்கும்.

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அரசாங்கக் குடியிருப்புகள் பல உண்டு. எங்களுடையது எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் யாராவது விரல் விட்டு எண்ணி, இன்னார் வீடு, இன்னார் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஜனங்களுக்கு இந்தத் திறமை கொஞ்சம் அதிகம்.

அந்த வீடுகளில் சுவர் என்பது பெயருக்குத்தான். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் நாங்கள் எங்கள் கடிகாரத்தைச் சரிசெய்வோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் தமிழர்கள்தான். அந்த அம்மாள் மிளகாய் தாளித்தால் இங்கே நாங்கள் தும்முவோம். தும்மல் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து, “மன்னிச்சுக்குங்க!” என்று குரல் வரும். அக்கா இங்கிருந்தே, “பரவால்லங்க, என்ன கொழம்பு?” என்று கேட்பாள். பாதி நாள் எங்கள் வீட்டில் என்ன சமையல் என்பது இப்படித்தான் முடிவாகும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. பொங்கல் விழா, நவராத்திரிப் பாட்டு, டெல்லியிலேயே பிறந்து தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரு சின்ன நூலகம். நூலகம் என்றால் இரண்டு இரும்பு அலமாரி. அவை சங்கச் செயலாளர் வீட்டின் முன்னறையில் இருந்தன. அவர் பெரிய பதவியில் இருந்த மனிதர். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம், ஊருக்கு அவசரமாகப் போக ரயில் டிக்கெட் என்று எதற்கும் அவரிடம்தான் போய் நிற்போம். எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவர் மனைவி நல்ல மாதிரி. புத்தகம் மாற்றப் போனால் வெறும் கையோடு அனுப்ப மாட்டார். ஒரு முறுக்காவது கையில் கிடைக்கும்.

நான் சனிக்கிழமைதோறும் புத்தகம் மாற்றப் போவேன். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலமும் இந்தியும் தட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த அலமாரிகள்தான் ஊர். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நகரம் முழுக்கப் பள்ளம் தோண்டி மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மழைக்காலச் சனிக்கிழமை நான் போனபோது அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தார். எனக்கு அது தெரியாது. சார் கதவைத் திறந்து, டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

மேற்கொண்டு எழுதப்போவதில்லை. போலீஸில் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொன்னவரைக்கும் போதும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நான் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கெட்ட கனவில் தொண்டை அடைத்துக்கொள்ளுமே, அப்படி. “விடுங்க சார், விடுங்க சார்” என்று முனகியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நேரத்திலும் ‘சார்’ போட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும், அப்புறம் அழுகை வரும்.

கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினேன். அக்கா கையில் புத்தகங்களோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். அவளும் மாற்ற வந்தவள்தான். என் ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம். அக்கா புத்தகங்களைப் படியிலேயே போட்டுவிட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்து, தன் முந்தானையால் என்னைப் போர்த்தினாள். அந்தப் படியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். முதலில் கேட்டவள் அவள்தான். என்னை அந்தக் கோலத்தில் பார்த்தவளும் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்து என்னைக் குளிப்பாட்டினாள். மணிக்கட்டுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். என் சேலையையும் ரவிக்கையையும் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்துப் போட்டாள். பெற்ற தாய் செய்வதைச் செய்தாள். கேஸுக்கு வேண்டியதெல்லாம் அந்த வாளித் தண்ணீரோடு போய்விட்டது என்று பின்னால் வக்கீல் சொன்னபோது, அக்கா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போலீஸுக்குப் போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தானுக்குப் பயம். உள்வாடகை வெளியே தெரிந்தால் குவார்ட்டர்ஸ் போய்விடும், வேலையிலும் விளக்கம் கேட்பார்கள். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா விடவில்லை. “குவார்ட்டர்ஸ் போனாப் போகுது, வேற ஓட்டு வீடு பாத்துக்கிருவோம். இவ மூஞ்சிய தெனம் பாத்துக்கிட்டு எனக்கு எப்புடி சோறு எறங்கும்?” என்றாள். அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, அந்த வீட்டுக்கு என் இஷ்டப்படி போனேனா என்று இந்தியில் கேட்டார். புத்தகம் மாற்ற நானாகத்தானே போனேன்? ஆமாம் என்றேன். அச்சா என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார்.

அந்த வருடங்களில் பேப்பரைப் பிரித்தால் இதே பேச்சு. போலீஸ் நிலையத்துக்குள் ஓர் ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்ததை, உடம்பில் காயம் இல்லை, கத்தவில்லை, ஆகவே சம்மதித்திருக்கிறாள் என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லியிருந்தது. அதை எதிர்த்து டெல்லித் தெருக்களில் பெண்கள் தட்டி பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டத்தைத் திருத்தப்போவதாக அரசாங்கம் சொன்னது. உடனே வாதம் ஆரம்பித்தது. பயந்து பேசாமல் இருந்தால் அது சம்மதமா? சம்மதம் இல்லை என்று பெண் நிரூபிக்க வேண்டுமா, இருந்தது என்று ஆண் நிரூபிக்க வேண்டுமா? பெண் சொல்வதை நம்பித் தொடங்கினால் பொய்ப் புகார் பெருகாதா? எங்கள் ஆபீஸில் மதியம் டிபன் டப்பாவைத் திறந்ததும் ஆண்கள் இதை எடுத்துக்கொள்வார்கள். சப்பாத்தியைப் பிய்த்தபடி ஒருவர், “ஒரு பொண்ணு மனசு வெச்சா எவனையும் உள்ள தள்ளிரலாம் சார்” என்பார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும். அவர்கள் மாற்றாமலே இருந்திருக்கலாம்.

சார் கைதாகி, ஜாமீனில் வந்தார். ஆபீஸில் தற்காலிக நீக்கம். சங்கத்தில் அவரை யாரும் நீக்கவில்லை. ‘விடுப்பில்’ இருக்கிறார் என்றார்கள். என் அம்மா ஊரிலிருந்து வந்தாள், அழுதாள், திரும்பிப் போனாள். அப்பா வரவில்லை. எனக்கு உதவிய ஒரு பஞ்சாபிப் பெண் வக்கீல் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் அறிக்கையில் ஒன்றும் இல்லை, துணியும் இல்லை, யாரும் சத்தம் கேட்கவில்லை. இருப்பது ஒன்றுதான், அந்தப் படியில் உங்களைப் பார்த்த பெண்மணி. ஜட்ஜ் அவரை நம்பினால் உங்களையும் நம்புவார்.

அக்கா அதைக் கேட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். “பேச்சுதான வேணும்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்டி” என்றாள்.

பொங்கல் வந்தது. எங்கள் சங்கத்தில் பொங்கல் என்றால் பட்டிமன்றம். அந்த முறை கமிட்டி வைத்த தலைப்பு, ‘வரப்போகும் சட்டம் பெண்ணுக்குக் காவலா, ஆணுக்குக் கண்ணியா?’ எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் கமிட்டிக்காரர்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பேப்பரில் வருகிற விஷயம், பார்லிமென்டில் பேசுகிற விஷயம், யாரையும் குறிப்பிடவில்லை, பொதுவான தலைப்பு என்றார்கள். நாட்டில் வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் இரண்டு அணி பிரித்து, நடுவர் போட்டு, கை தட்டிக் கேட்டால்தான் நமக்குத் திருப்தி. அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக, ஓர் எவர்சில்வர் டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். கையில் வந்த பக்கத்துக்குப் பேச வேண்டும். மாற்றிக்கொள்ளக் கூடாது.

அக்கா சீட்டு எடுக்கப் போகும்போது உற்சாகமாகத்தான் போனாள். “காவல் பக்கம் மட்டும் வரட்டும், கிழிகிழின்னு கிழிச்சிர்றேன். உனக்காகத்தான்டி பேசப்போறேன்” என்றாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“கண்ணி பக்கம் விழுந்திருச்சுடி.”

“வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானேக்கா?”

“மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். ரூல்னா ரூலாம். வெலகிக்கிட்டா, பாத்தியா, அவளே கோவத்துல இருக்கா, அந்தக் கோவத்துலதான் சாட்சி சொல்றாம்பாய்ங்க.” செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் முகம் தெளிந்தது. “நல்லதுதான், விடு. நான் சொதப்பிர்றேன். நான் சொதப்புனா அந்தப் பக்கம் தோத்துரும். அம்புட்டுத்தான?”

“உங்களுக்குச் சொதப்ப வராதுக்கா” என்று சொல்லிச் சிரித்தேன். அந்த மாதங்களில் நான் சிரித்தது குறைவு. அதற்காகவே அவள் சந்தோஷப்பட்டாள்.

விழாவுக்கு நானும் போனேன். வீட்டிலேயே இருக்கிறேன் என்றதற்கு, இன்றைக்கு ஒளிந்தால் என்றைக்கும் ஒளிய வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுடைய மெரூன் பட்டுச் சேலையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஷாமியானாவுக்குள் எல்லோரும் ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் ஓரமாக உட்கார்ந்தேன். சார் முன்வரிசையில், மடியில் குழந்தையோடு. பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது.

அக்கா ஆரம்பத்தில் சொன்னபடியே சொதப்பினாள். திக்கினாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். கூட்டம் சலசலத்தது. நடுவர் ஓய்வு பெற்ற அதிகாரி, குறும்புக்காரர். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “அம்மா இன்னிக்கு வீட்ல சாப்பிடாம வந்துட்டாங்க போலிருக்கு. சமைச்சது அவங்களாச்சே, தெரிஞ்சுதான் சாப்பிடலை” என்றார். ஷாமியானா அதிரச் சிரித்தார்கள். அக்காவின் முதுகு நிமிர்வதை நான் பார்த்தேன். காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள்.

அதற்கப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. நடுவருக்கே ஒன்று திருப்பிக் கொடுத்தாள். கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பற்றி ஒன்று, ஆபீஸில் லேட்டாக வந்ததைக் கேட்டதற்காகப் புகார் எழுதின குமாஸ்தாப் பெண்ணைப் பற்றி ஒன்று. கை தட்டத் தட்ட அவள் குரல் ஏறியது. அப்புறம் அதைச் சொன்னாள்.

“நடுவர் அவர்களே, நம்ம குவார்ட்டர்ஸ் உங்களுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுல மிளகாய் தாளிச்சா நம்ம வீட்டுல தும்முறோம்!”

ஓவென்று சிரிப்பு. எங்கள் பக்கத்து வீட்டம்மாள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சமாச்சாரம் அல்லவா?

“தும்மலே கேக்குற சுவத்துக்குள்ள ஒரு பொண்ணு கத்துனா கேக்காமப் போகுமா? கேக்கலைன்னா என்ன அர்த்தம்? கத்தலைன்னு அர்த்தம். கத்தலைன்னா என்ன அர்த்தம்?”

அவள் நிறுத்தினாள். பதிலைக் கூட்டம் சொல்ல வேண்டும் என்பதற்காக நிறுத்துவாள், அது அவள் பாணி. கூட்டம் கை தட்டலாலேயே பதில் சொன்னது. விசிலடித்தார்கள். முன்வரிசையில் சார் குழந்தையின் கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது; அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கண் என்னிடம் வந்து நின்றது. அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. நேரம் முடிந்ததாக மணி அடித்துவிட்டார்கள். ஆகவே அது யாருக்கும் தெரியவில்லை.

நடுவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். சட்டம் வேண்டும், ஆனால் ஜாக்கிரதையும் வேண்டும் என்றார். வாதத் திறமையால் கண்ணி அணிக்கே வெற்றி என்றும் சொன்னார். சிறந்த பேச்சாளருக்குப் பரிசு ஒரு டிபன் கேரியர். அதைத் தூக்கிக்கொண்டு பனிமூட்டத்தில் அக்கா எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். அதன் பிடி ஒவ்வோர் அடிக்கும் கடகடவென்று ஆடியது.

“என்னடி பேசுனேன் நானு?”

“பட்டிமன்றம்தானேக்கா” என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பேனாவா கத்தியா, கிராமமா நகரமா என்று எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசிச் சோப்பு டப்பா பரிசு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். மேடையில் பேசுவது வேறு, மனதில் இருப்பது வேறு என்பது நமக்குப் பாலோடு ஊட்டினது. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த டிபன் கேரியரை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஒரு நாளும் எடுக்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது அந்த வருடக் கோடையில். அப்போதெல்லாம் இந்த வழக்குகளுக்குக் கதவைச் சாத்த மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம். வேறு வேலைக்கு வந்த வக்கீல்கள்கூட நான் கூண்டில் ஏறியதும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். டீ குடித்தீர்களா, நாற்காலியில் உட்கார்ந்தீர்களா, இதற்கு முன்பு தனியாக யாருடனாவது போனதுண்டா, ஏன் ‘சார்’ என்று சொன்னீர்கள், ஏன் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்பதை மட்டும் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குரல் வரவில்லை என்றேன். இப்போது வருகிறதே என்றார் எதிர்த் தரப்பு வக்கீல்.

நான் முடித்த பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். என் சாட்சியம் முடிந்துவிட்டதால் நான் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம் என்றார்கள். அக்கா தன் காய்கறிக்கடை இந்தியில், தடுமாறாமல் சொன்னாள். படி, கிழிந்த தோள், மணிக்கட்டில் ரத்தம், நான் சொன்ன வார்த்தைகள். அலங்காரம் ஒன்றும் இல்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு எளிமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நம்புகிறார் என்று எனக்குத் தோன்றியது. எத்தனையோ மாதங்களுக்கப்புறம் மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

சாரின் வக்கீல் எழுந்தார். வயதானவர், மெல்லிய குரல்.

“பெஹன்ஜி, நீங்கள் பெரிய பேச்சாளராமே?”

“ஏதோ கொஞ்சம் பேசுவேன்.”

“பொங்கல் விழாவில் பேசினீர்கள். நம் வீடுகளில் ஒரு பெண் கத்தினால் கேட்காமல் போகாது, கேட்கவில்லை என்றால் கத்தவில்லை என்று சொன்னீர்களா?”

அக்காவின் கை கூண்டின் கட்டையைப் பிடித்தது. எங்கள் தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் பதில் சொல்லச் சொன்னார்.

“சொன்னேன். ஆனா...”

“யாராவது கட்டாயப்படுத்திச் சொன்னீர்களா?”

“இல்லை.”

“பரிசு கொடுத்தார்களா?”

“கொடுத்தாங்க. ஜட்ஜ் சாஹிப், அது போட்டி. எங்க ஊர் வழக்கம். சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க. எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் பேசணும். மனசுல இருக்கிறதைப் பேசுறது இல்ல.”

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். “மனதில் இல்லாததையா பேசினீர்கள்?”

“ஆமாம் சாஹிப்.”

“எல்லோரும் நம்பும்படியாக?” என்றார் வக்கீல்.

அக்கா என்னைப் பார்த்தாள். மறுபடி ஜட்ஜைப் பார்த்தாள். அவளுக்கு இந்தி போதவில்லை. தமிழே போதாது என்று நினைக்கிறேன். எதற்கும் மடக்கிப் பதில் சொல்கிறவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“அப்படியானால் பெஹன்ஜி,” என்று வக்கீல் அதே மெல்லிய குரலில் கேட்டார், “இன்றைக்கு உங்களுக்கு எந்தப் பக்கம் சீட்டு விழுந்தது?”

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அமைதி, அமைதி என்று ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். ஆனால் மறுபடி அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தீர்ப்பு மழை ஓய்ந்த பிறகு வந்தது. தானாகவே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கூச்சல் எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. புகார் தாமதம். முக்கிய சாட்சி, நம்பாததையும் நம்பும்படி பேச வல்லவர் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்மதம் இல்லை என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. பொய்ப் புகார் என்று ஜட்ஜ் எங்கேயும் சொல்லவில்லை. அதை எங்கள் ஜனங்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். பால் பூத் வரிசையில் நான் போய் நின்றால் முன்னால் நிற்கிற பெண்கள் தங்கள் கணவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸ் காவலிலோ, ஆஸ்பத்திரியிலோ, அதைப் போன்ற இடங்களிலோ அதிகாரத்தில் இருக்கிறவன் செய்தால், நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொல்வதை நம்பித்தான் கோர்ட் தொடங்க வேண்டும். பேப்பரை அக்கா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். இரண்டு இரும்பு அலமாரி இருக்கிற முன்னறை அதில் வரவில்லை. அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவள் பேச்சு நின்று போயிருந்தது. வேண்டியதற்கு மட்டும் பேசுவாள். பக்கத்து வீட்டிலிருந்து மன்னிப்புக் குரல் வந்தாலும் என்ன குழம்பு என்று கேட்பதில்லை. படியில் பார்த்ததை ஒரு தடவை மட்டும் எடுத்தாள். “நான் பாத்தது நெசந்தானடி?” என்று கேட்டாள். பார்த்தவள் என்னிடம் கேட்கிறாள். “நெசம்தான்க்கா” என்றேன். பெண்கள் விடுதியில் எனக்கு இடம் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அக்காவும் நானும் கீழே உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் ஆபீஸிலிருந்து வரவில்லை. கதவு தட்டும் சத்தம். அக்கா எழுந்து போய்த் திறந்தாள். சார் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸில் பழைய நாற்காலி, சங்கத்தில் பழைய பதவி. மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்களைச் செயலாளர் வீடு வீடாகப் போய்க் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டை அவர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடவில்லை.

என்னை அவர் பார்க்கவே இல்லை. அழைப்பிதழை அக்காவிடம் நீட்டி, “இந்த வருஷமும் நீங்கதாம்மா பேசணும். உங்களை மாதிரி யாரு இருக்கா?” என்றார்.

அக்கா கத்தினாள்.

வார்த்தை ஒன்றும் இல்லை. வெறும் கத்தல். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வைக்கிற குரல் அவளுடையது. அந்தக் குரல் அத்தனையும் ஒரே கத்தலாக வந்தது. மூச்சு வாங்கி மறுபடி கத்தினாள். என் மடியிலிருந்த பட்டாணி முழுக்கத் தரையில் கொட்டியது. அவர் அழைப்பிதழ்களைக் கீழே போட்டுவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார்.

மேல் வீட்டில் அம்மி நின்றது. எதிர் வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள். பக்கத்து வீட்டு ரேடியோ சின்னதாகியது. குடியிருப்பு முழுக்க மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்டது எனக்குத் தெரிந்தது. அக்கா வாசற்படியில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். ஒரு தாழ்ப்பாள்கூட விலகவில்லை.

கொஞ்ச நேரம் போனது. எதிர் வீட்டில் குழாய் மறுபடி ஓடியது. மேலே அம்மி ஆரம்பித்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, தரையில் சிதறிய பட்டாணியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“கேட்டிருக்கும்லடி?” என்றாள்.

“கேட்டிருக்கும்க்கா.”

பக்கத்து வீட்டில் மிளகாயை எண்ணெயில் போட்டார்கள். நெடி உள்ளே வந்தது. அக்கா தும்மினாள், அப்புறம் நானும் தும்மினேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எப்போதும்போல, குரல் வந்தது.

“மன்னிச்சுக்குங்க!”